மூடி மறைத்த விஷயம்

"பெட்ரோல் இருக்கா ஸார்?"

நடுரோட்டில் மோட்டார் சைக்கிள் நின்றுபோய் முழிக்கிறவனைப் பார்த்து நம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவருக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் கேட்பார். ஸ்கூல் வேன் ஜன்னல் வழியாக யூ.கே.ஜி. குழந்தை கேட்கும். 2023 ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் தொடங்கி கார்த்திகை தீபம் வரை, திருச்சி காவிரிப் பாலத்தின் மேல் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யாராவது இருந்தால், அவர் பரிசலில் ஸ்ரீரங்கம் போயிருக்க வேண்டும்.

நானும் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் டாங்க் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை அடித்து, "இதோ பாருங்க, பாதி டாங்க் இருக்கு" என்று நிரூபித்துவிட்டு மூடுவேன். பிறகு மலைக்கோட்டை இருக்கிற திசையில் திரும்பி உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. ஐந்து நிமிஷம் கழித்து ஒரு உதை. வண்டி 'டுப் டுப்' என்று ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்.

பிள்ளையார்தான் கிளப்புகிறார் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். (அவருக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல இப்போதும் எனக்கு தைரியம் கிடையாது.)

வண்டி என்னுடையது இல்லை. அப்பாவுடையது. 1984 மாடல் புல்லட். 346 ஸி.ஸி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் ஏறினால், நிறுத்த நினைத்து கியரை மிதித்து, கியர் மாற்ற நினைத்து பிரேக்கை மிதித்து, கடைசியில் பக்கத்துக் கடைக்குள் புகுந்துதான் நிற்பான்.

அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு பூஜை. ஹெட்லைட் மண்டையில் சின்னதாக ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். அதன் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். பிறகு இடது கைப் பக்கத்துக் குட்டி லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகுதான் உதை. அவசரப்பட்டு உதைத்தால் அது திருப்பி உதைக்கும். நியாயமான வண்டி.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1962ல் சேர்ந்து 2001ல் ரிடையர் ஆனார். அதில் பெரும்பகுதி வாக்குவம் பிரேக் செக்‌ஷன். அந்தக் காலத்து ரயில்களில் பெட்டிக்குப் பெட்டி குழாய் மாட்டி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி வைத்திருப்பார்கள். காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். எங்கேயாவது ஒரு ரப்பர் வளையத்தில் மயிரிழை கீறல் இருந்தாலும் ரயில் நகராது. அந்தக் கீறலைத் தேடிப் பிடிப்பதுதான் அப்பாவின் உத்தியோகம். வீட்டிலும் அதே குணம். குக்கர் விசில் வராவிட்டால் அம்மா காஸ்கட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பா வந்து நிற்பார்.

நாற்பது வருஷத்தில் அந்தப் புல்லட்டை அப்பாவைத் தவிர யாரும் பிரித்ததில்லை. எனக்கு ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் உத்தியோகம் மட்டும் உண்டு. அதிலும் பன்னிரண்டு கேட்டால் பதிமூன்று எடுத்துக் கொடுப்பேன். "பாங்க் பரீட்சை எழுதுடா" என்று சொல்லிவிட்டார். எழுதினேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருக்கிறேன்.

2021 கடைசியில் ஒரு மழை நாள், மார்க்கெட்டிலிருந்து வரும்போது அப்பா சறுக்கி விழுந்தார். பெரிய அடியில்லை. முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் வயசு எண்பது. வீட்டில் வட்டமேஜை மாநாடு கூடி, ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, அதை நிறைவேற்றும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

"சாவியக் குடுத்துடுங்கப்பா" என்றேன்.

கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பேப்பர் படித்து முடித்ததும், பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைப்பார். அவ்வளவுதான் அவருக்கும் வண்டிக்கும் இருந்த சம்பந்தம். வண்டியைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

2023ல் மகள் காலேஜ் போக ஆரம்பித்து என் ஸ்கூட்டரைப் பிடுங்கிக்கொண்டாள். நான் அப்பாவின் புல்லட்டுக்கு மாறினேன். நாலைந்து மாதம் ராஜா மாதிரி ஓடியது. அதன் பிறகுதான் பாலத்துக் கதை ஆரம்பித்தது.

பொன்மலைப்பட்டியில் கிளம்பினால் டி.வி.எஸ். டோல்கேட், பாலக்கரை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு எல்லாம் சமர்த்தாக வரும். ஏழெட்டு கிலோமீட்டர். காவிரிப் பாலம் ஏறியதும் ஒரு தும்மல், ஒரு இருமல், ஒரு விக்கல். அப்புறம் மௌனம்.

முதல் நாளே என் மனைவி ஒரு கட்டளை போட்டாள்: "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்த வண்டி அவருக்கு உசிரு. கண் ஆபரேஷன் ஆகி இப்பத்தான் தேறிட்டு வர்றார். வண்டி நின்னுபோச்சுன்னா மனசு ஒடைஞ்சுடுவார்."

எனக்கும் சரியென்று பட்டது. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்த நாட்களில், "ஆபீஸ்லயே வச்சுட்டு வந்தேம்பா, மழை வர்ற மாதிரி இருந்துது" என்று புளுகினேன். அந்த வருஷம் எங்கள் பேட்டையில் பெய்யாத மழையெல்லாம் என் வாயிலிருந்துதான் பெய்தது.

முதல் மெக்கானிக்குக் கன்னத்தில் மீசை தாடி இப்போதுதான் முளைத்திருந்தது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "ஸார், இதுல ஸ்கேனர் மாட்டற இடம் எங்கே?" என்றான். அவன் மேல் தப்பில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாகக் காணாமல் போய்விட்டது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று ஒரு குட்டி கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. வண்டிக்கு என்ன வியாதி என்று வண்டியே சொல்லிவிடும். எங்கள் வண்டி வாய் திறந்து சொல்லாத ரகம். அப்பா மாதிரி.

பையன் பிளக்கை மாற்றினான். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனேன். பாலம். தும்மல். மௌனம்.

இரண்டாவது மெக்கானிக் பாலக்கரைப் பக்கம். தலை நரைத்தவர். விஷயம் தெரிந்தவர். கார்புரேட்டரைக் கழற்றித் தட்டில் வைத்து எனக்குப் பாடமே நடத்தினார்.

"மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற ஃப்ளிட் பம்ப் பாத்திருக்கீங்களா ஸார்? அதேதான் இது. இன்ஜின் காத்தை இழுக்குது. இந்தக் குறுகலான கழுத்து வழியா காத்து வேகமா ஓடறப்போ இங்க அழுத்தம் கொறையுது. அப்போ கீழ கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் ஜெட் வழியா மேல ஏறி, காத்தோட கலந்து, பூந்தூறலா உள்ளே போகுது. ஒரு கிராம் பெட்ரோலுக்குப் பதினஞ்சு கிராம் காத்து. அது தப்பினா வண்டி முரண்டு பிடிக்கும்."

கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே வந்து ஒரு ஊசியால் வழியை அடைத்துக்கொள்ளும். நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற அதே பந்து வால்வு சமாசாரம். ஊசியில் ஒரு துளி மண் மாட்டினால் போதும், பெட்ரோல் ரோட்டில் ஒழுகும். நின்ற இடத்தில் தடதடவென்று அணைந்தால் பைலட் ஜெட்டில் அடைப்பு. முறுக்கும்போது திணறினால் மெயின் ஜெட்டில். பிளக் கன்னங்கரேல் என்று கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம். காப்பிப்பொடி கலரில் இருந்தால் கல்யாணத்துக்கு ஜாதகம் பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். பெட்ரோலுக்கு அடியில் கண்ணாடி மணி மாதிரி தண்ணீர்த் துளிகள்!

"எல்லாம் எத்தனால் பண்ற வேலை ஸார். அது ஈரத்தை உறிஞ்சிக்கும். அளவு மிஞ்சினா தண்ணியோட சேர்ந்து அடியில தங்கிடும். பழைய வண்டியோட ரப்பரையும் அரிச்சிடும்."

சொன்னதில் பொய்யில்லை. அப்போது பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். 2025ல் அது இருபது சதவீதமாகிவிட்டது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயையும் ரப்பர் வாஷர்களையும் புது ரகமாக மாற்றிவிடுவதும், மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவதும் நல்லது. அவர் குழாய், வாஷர், மிதவை ஊசி எல்லாவற்றையும் மாற்றினார். ஜெட்டைக் காற்றால் ஊதினார். "கம்பி மட்டும் விட்ராதீங்க ஸார். பித்தளை. ஓட்டை பெரிசாயிட்டா ஜெட்டே போச்சு." ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுசும் மூடி, ஒன்றரை சுற்று திறந்து வைத்தார். கடைசியாக ஒரு உபதேசம்: "கம்மி பெட்ரோல்ல ஓட்டாதீங்க. அடியில இருக்கற துரு எல்லாம் இழுத்துக்கும். எப்பவும் ஃபுல் டாங்க் வச்சுக்குங்க."

லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பெட்ரோலை வாய் வரை நிரப்பினேன். வண்டி பாலத்தில் நிற்கவில்லை!

டோல்கேட்டிலேயே நின்றுவிட்டது.

மூன்றாவது மெக்கானிக் கைநாடி பார்க்கிற மாதிரி இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, "இது பெட்ரோல் கம்ப்ளெயின்ட்டே இல்ல ஸார். காயில். சூடானா கட் ஆகும், ஆறினா வேலை செய்யும்" என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். காயில், கண்டென்ஸர் இரண்டையும் மாற்றினார். பாலம். தும்மல். மௌனம். வெள்ளரிப்பிஞ்சு அம்மாள் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, உட்கார ஸ்டூல் போட ஆரம்பித்திருந்தார்.

ஆறாயிரத்துச் சொச்சம் செலவு. எதிர்வீட்டுக்காரர் எனக்கு ஜல கண்டம் இருப்பதாகவும், பாலத்துக்கு முன்பே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு தாண்டினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். மனைவி எலுமிச்சம்பழம் நசுக்கினாள். வண்டி எலுமிச்சம்பழத்தைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டவில்லை.

"வித்துடுங்க" என்றாள்.

பழைய புல்லட்டுக்கு இப்போது கிராக்கி. தில்லைநகரிலிருந்து ஒரு இளைஞர் போட்டோவைப் பார்த்தே மயங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பணத்தோடு வருவதாகச் சொல்லி, ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னேன். "பெட்ரோல் விலை கட்டுப்படியாகலைப்பா. வித்துடலாம்னு இருக்கேன்."

அப்பா பேப்பரை மடித்தார். "சரி" என்றார்.

அன்று சாயங்காலம் மகள் வந்து சொன்னாள்: "அப்பா, தாத்தா இன்னிக்கு ரெண்டு தடவை வண்டியத் தொடைச்சார்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி மனசாட்சி குத்தியது. வாங்குகிற பையனிடம் குறையை மறைத்து விற்கக் கூடாது இல்லையா? வாசலுக்கு வந்து போன் போட்டேன். "தம்பி, ஒரு விஷயம். வண்டி ஏழெட்டு கிலோமீட்டர்ல நின்னுடும். பத்து நிமிஷம் கழிச்சுத் தானா கெளம்பும். பிளக், காயில், கார்புரேட்டர் எல்லாம் பாத்தாச்சு. தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க..."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இருட்டில் ஈஸிசேரில் அப்பா.

"எத்தனை நாளா நிக்குது?"

திருட்டு மாங்காய் தின்று மாட்டிக்கொண்ட மாதிரி நின்றேன். "ஒரு மாசமாப்பா..."

"நின்ன எடத்துல பிளக்கைக் கழட்டிப் பாத்தியா? ஈரமா இருந்துதா, காஞ்சிருந்துதா?"

"அங்க எங்கப்பா பாக்கறது? ஒர்க்‌ஷாப்ல பாத்தாங்க."

"ஒர்க்‌ஷாப்ல வண்டி நிக்கலியே! ஜுரம் விட்டப்புறம் தெர்மாமீட்டர் வச்சா என்னடா தெரியும்?" குரலில் பழைய ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். "சரி. பாதி டாங்க்ல எங்க நிக்குது?"

"பாலத்துல."

"ஃபுல் டாங்க்ல?"

"டோல்கேட்லயேப்பா. அதான் ஆச்சரியம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பியா?"

"எல்லாரும் கேப்பாங்க. திறந்து காட்டுவேன்."

"காட்டினதுக்கப்புறம்தானே கெளம்புது?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். திரும்பத் திறந்தேன். "ஆமாம்ப்பா..."

"திறக்கறப்போ புஸ்ஸுன்னு சத்தம் வந்துதா?"

"பாலத்துல லாரி போற சத்தத்துல என்னப்பா கேக்கும்?"

"மளிகைக் கடையில கடலெண்ணெய் டின்னுக்கு எத்தனை ஓட்டை போடுவான்?"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு எண்ணெய் வர. இன்னொண்ணு..." சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. "...காத்து போக!"

"மூடியக் கழட்டிட்டு வா" என்றார்.

பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்து மூடியைப் பார்த்தார் அப்பா. புல்லட் டாங்க் மூடியில் ஒரு குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டாங்க்குக்குள் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். பாதி டாங்க்காக இருந்தால் மேலே நிறைய காற்று இருக்கிறது, கொஞ்ச தூரம் தாக்குப் பிடிக்கும். ஃபுல் டாங்க்கில் மேலே காற்றே இல்லை. நாலு மடக்கு இறங்குவதற்குள் மூச்சு முட்டிவிடும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்துகொள்ளும். வண்டி கிளம்பிவிடும். உச்சிப் பிள்ளையார் செய்ததாக நான் நினைத்த வேலையை, "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்ட வெள்ளரிப்பிஞ்சு அம்மாள்தான் செய்திருக்கிறார்!

"ஓட்டையில ஏதோ மஞ்சளா அடைச்சிருக்கு" என்றார் அப்பா. முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் நாற்றத்தையும் மீறி அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சந்தனம்! ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வச்சது யாரு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள்.

வழக்கமாக அப்பாதான் வைப்பார். ஹெட்லைட்டில் ஒன்று, ஹாண்டில்பாரில் ஒன்று. அந்த வருஷம் கண் ஆபரேஷன் முடிந்து குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பக்தி சிரத்தையோடு நான் வைத்தேன். நடுநாயகமாக டாங்க் மூடி பளபளவென்று இருந்ததா... மூன்று விரலால் வழித்து, அதன் மேல் குங்குமமும் அப்பினேன். அடுத்த வாரம் அதைத் துடைக்கிறேன் பேர்வழி என்று மெழுகு பாலிஷ் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். ஓட்டையில் சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது.

என் மனைவி புடவையிலிருந்து சேஃப்டி பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். ("அண்ணே, கம்பி விடக்கூடாதாம்!" என்று நான் பாலக்கரைப் பாடத்தை ஒப்பிக்க, "அது ஜெட்டுக்குடா, மூடிக்கு இல்ல" என்றார் அப்பா. பதற்றத்தில் அப்பாவையே 'அண்ணே' என்று கூப்பிட்டிருக்கிறேன்.) சுரண்டி, வெந்நீரில் போட்டு, துடைத்து, அடிப்பக்கம் உதட்டை வைத்து ஊதினார். மேலே விரல் வைத்துப் பார்த்தேன். சிலீரென்று காற்று.

"அவ்வளவுதான்" என்றார்.

"இத்தனை பேர் பாத்தும் கண்டுபிடிக்கலியேப்பா!"

"அவங்க மேல தப்பில்ல. ஒவ்வொருத்தனும் அவனுக்குத் தெரிஞ்ச எடத்துல ஆரம்பிச்சான். பெட்ரோல் கம்ப்ளெயின்ட்டா, பெட்ரோல் போற வழியிலயே நீயும் போ. முதல்ல மூடி. அப்புறம் டேப். அப்புறம் பைப், கிண்ணம், ஜெட். கடைசியாத்தான் ஸ்க்ரூ. மேலேர்ந்து கீழ வரணும். நடுவுல குதிக்கக் கூடாது. சந்தேகமா இருந்தா மூடியக் கொஞ்சம் தளர்த்திட்டு ஓட்டிப் பாரு. நிக்காம ஓடினா வியாதி மூடியிலதான்."

பிறகு சற்று நேரம் பேசவில்லை. பனியன் துணியால் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாசமா நிக்குது. எங்கிட்ட யாரும் சொல்லலே."

"நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் மாமா..." என்று ஆரம்பித்தாள் என் மனைவி.

"இப்ப மட்டும்?" என்றார்.

இதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. சந்தனத்தைச் சேஃப்டி பின்னால் எடுத்துவிடலாம். நாங்கள் அடைத்து வைத்ததை எதனால் எடுப்பது? ஒருவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் மூடி மூடி மறைக்கிறோம். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுகிறதா என்று பார்ப்பதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "பின்னாடி உக்காந்துதான் வர்றேன். அதுக்குத் தீர்மானம் எதுவும் போடலியே?"

பங்க்கில் ஃபுல் டாங்க் அடிக்கச் சொன்னார். "ஃபுல் டாங்க்ல ஓடினாத்தான் ஓட்டம்." டோல்கேட் வந்தது. போனது. பாலக்கரை வந்தது. போனது. சத்திரம் தாண்டிப் பாலம் ஏறும்போது என் நெஞ்சு புல்லட்டை விடப் பலமாக அடித்துக்கொண்டது. நடுப்பாலத்தில் வெள்ளரிப்பிஞ்சு அம்மாள் பழக்கதோஷத்தில் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நாங்கள் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். மாம்பழச்சாலை வந்ததும் தோளில் ஒரு தட்டு. "ஏர் ஸ்க்ரூ கால் சுத்து அதிகமா இருக்கு. காதுல கேக்கல?"

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் பேசுவது கேட்டது. அது போதும்.

தில்லைநகர் இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டு அட்வான்ஸைத் திருப்பி அனுப்பினேன். நேரில் வந்து சண்டை போடப்போகிறார் என்று பயந்தால், வந்தார், அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார், ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு வேறு எங்கேயோ ஒரு பழைய புல்லட் வாங்கிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பழைய உத்தியோகம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இப்போதும் பன்னிரண்டுக்குப் பதிமூன்றுதான்.

சாவி? அது அப்பாவின் ஈஸிசேருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. தினமும் காலையில் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன். "டாங்க்ல எவ்வளவு இருக்கு? நேத்து எங்கயாவது இருமிச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தருவார்.

2024 ஆயுத பூஜைக்குப் பழையபடி அப்பாவே பொட்டு வைத்தார். ஹெட்லைட்டில் ஒன்று, ஹாண்டில்பாரில் ஒன்று. கிண்ணத்தில் சந்தனம் கொஞ்சம் மிச்சமிருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நெற்றியில் வைத்தார். வைத்துவிட்டு, பூதக்கண்ணாடி வழியாக ஒரு தரம் சரிபார்த்தார்.

"கவலைப்படாதே. மூக்கு ஓட்டையை அடைக்கல" என்றார்.